மேந்தோன்னிக்கு நான் வைத்த பெயர்

செடிகளை வைத்து அறிவியல் நடத்தியவள் என்று சொல்லி என்னை எங்காவது மேடையில் உட்கார வைக்கும்போதெல்லாம் எனக்கு உள்ளுக்குள் கூசும். பேசுகிறவர்கள் தும்பைப்பூவைச் சொல்வார்கள், ஊமத்தம்பூவைச் சொல்வார்கள், வேலியோரத்தையே ஆய்வுக்கூடமாக்கினார் என்பார்கள். மேந்தோன்னியைப் பற்றி ஒருவரும் வாய் திறப்பதில்லை. தெரிந்தவர்கள் மரியாதைக்காக விட்டுவிடுகிறார்கள். மற்றவர்களுக்குத் தெரியாது. இந்த வருஷம் வேலைக்குச் சேர்ந்திருக்கும் நீங்கள் என்னிடம் கேட்டது, செடிப்பாடம் எப்படி நடத்துவது என்று எழுதித் தரச் சொல்லி. அதைப் புத்தகத்தில் படித்துக்கொள்ளலாம். செடிப்பாடம் நடத்தி ஒரு பெண்ணின் உயிரைப் போக்கப் பார்த்ததை நான்தான் சொல்ல வேண்டும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கம். நாகர்கோவிலுக்கு வடக்கே, வயலும் குளமுமாகக் கிடக்கும் ஓர் ஊரில் மிஷன் நடத்திய பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் எனக்கு வேலை. ஊரில் பெரும்பாலும் சைவக் குடும்பங்கள், நெல் விவசாயம். நான் கிறிஸ்தவ சபைக் குடும்பத்துப் பெண். பிள்ளைகளை அனுப்பச் சொல்லி வீடு வீடாகப் போய் நின்றிருக்கிறேன். எல்லோரும் முற்றத்தில் நிற்க வைத்து நல்லபடியாகத்தான் பேசுவார்கள். ஒரு வீட்டிலும் முற்றத்துக்கு மேல் நான் ஏறியதில்லை. ஏறக்கூடாது என்று யாரும் சொன்னதும் இல்லை, சொல்லும்படி நான் வைத்துக்கொண்டதும் இல்லை. இப்படிக் கெஞ்சிக் கூட்டிச் சேர்த்த முப்பத்தியொரு பிள்ளைகள்தான் என் நாலாம் வகுப்பு.

இயற்கைப் பாடத்துக்கு எங்களுக்குத் தந்திருந்தது ஒரு வண்ணப்படம். பனி விழும் ஏதோ நாட்டின் மஞ்சள் பூ. அல்லி வட்டம், புல்லி வட்டம் என்று அதில் பெயர் ஒட்டியிருக்கும். நான் பிரம்பால் தொட்டுக் காட்ட வேண்டும், பிள்ளைகள் கூட்டமாகச் சொல்ல வேண்டும். ஒருநாள் ஒரு பிள்ளை எழுந்து, "இது எதுக்கு ஆவும் டீச்சர்?" என்று கேட்டது. எந்தச் செடியைக் கண்டாலும் நம் பக்கத்து ஆட்கள் கேட்கிற முதல் கேள்வி அதுதானே. காய்ச்சலுக்கு ஆகுமா, சளிக்கு ஆகுமா, பிள்ளை பெற்றவளுக்கு ஆகுமா. அந்தப் பூ படத்தில் தொங்குவதற்கு மட்டும்தான் ஆகும் போலிருந்தது. அடுத்த நாளே படத்தைச் சுருட்டி அலமாரி மேல் போட்டேன்.

அதன் பிறகு வகுப்பு வேலியோரத்தில்தான். தும்பையில் தேன் எங்கே இருக்கிறது என்று உறிஞ்சியே கண்டுபிடித்தார்கள். துளசித் தண்டை விரலில் உருட்டி, நாலு மூலை இருக்கிறது என்றார்கள். ஆரத்தித் தண்ணீர் ஏன் சிவக்கிறது என்று மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்து பார்த்து, எலுமிச்சம்பழம் பிழிந்தால் சிவப்பு ஓடிப்போவதையும் பார்த்தார்கள். வீட்டில் கைமருந்தாகத் தெரிந்த செடி பள்ளிக்கூடத்தில் பாடமாக வந்ததும் பிள்ளைகளுக்கு வாய் முளைத்துவிட்டது. எனக்குத் தலைக்கனம் முளைத்தது.

அதற்குத் தண்ணீர் ஊற்றியது பல்வலிப்பூண்டு. வாய்க்கால் கரையில் மஞ்சள் மொட்டு வைத்து நிற்குமே, அதுதான். மொட்டைக் கடித்தால் நாக்கு சுருசுருவென்று எரிந்து மரத்துப்போகும், எச்சில் ஊறும். பெயர் ஏன் வந்தது என்று பிள்ளைகளே அறியட்டும் என்று ஆளுக்கு ஒரு மொட்டைக் கொடுத்தேன். அந்த நேரம் பார்த்து, பள்ளிக்கூடத்தை மேற்பார்க்கும் மிஷன் மானேஜர் ஐயா வந்து நின்றார். பாட்டுப் பாடுங்கள் என்றார். முப்பத்தியொரு பிள்ளைகளும் வாயில் எச்சில் வழிய, மரத்த நாக்கோடு ஸ்தோத்திரம் பாடினார்கள். எந்த மொழிப் பாட்டு என்று அவர் கேட்டார். நான் விஷயத்தைச் சொன்னதும், தானும் ஒரு மொட்டை வாங்கிக் கடித்துவிட்டுக் கண்ணீர் வரச் சிரித்தார். அவர் போன பிறகு நான் கரும்பலகையில் பெரிதாக எழுதினேன்: செடியின் பெயரிலேயே அதன் குணம் இருக்கிறது.

பிள்ளைகளுக்கு அது விளையாட்டாகிவிட்டது. கைகால் முடக்கை அறுப்பதால் முடக்கத்தான். இலைக்குக் கீழே நெல்லிபோல் காய்ப்பதால் கீழாநெல்லி. ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்து நோட்டில் எழுதினார்கள். அதிலும் செண்பகம் என்றொரு பிள்ளை. ஒன்பது வயது, முதல் பெஞ்சு. நான் சொல்லும்போதே, சொன்ன வார்த்தை மாறாமல் எழுதிவிடுவாள். அப்படிப்பட்ட பிள்ளைகளைக் கண்டால் ஆசிரியர்களுக்குப் பெருமை. நீங்கள் கொஞ்சம் பயப்படுங்கள்.

இன்னொரு கோளாறும் என்னிடம் இருந்தது. பாளையங்கோட்டைப் பக்கம் பயிற்சிக்குப் போயிருந்தபோது, கூடப் படித்த பெண்கள் என் பேச்சைக் கேட்டுச் சிரிப்பார்கள். இழுத்து இழுத்துப் பாடுகிறாள், பாதி மலையாளம் பேசுகிறாள் என்று. அந்தச் சிரிப்பு எனக்கு ஆறவே இல்லை. என் பிள்ளைகளை ஒருத்தி பார்த்துச் சிரிக்கக்கூடாது என்று கங்கணம் கட்டிக்கொண்டு, அவர்கள் வீட்டிலிருந்து கொண்டுவந்த பெயர்களையெல்லாம் திருத்தினேன். ஆடலோடகம் என்றால் அடித்து ஆடாதோடை. உம்மத்து என்றால் அடித்து ஊமத்தை. நோட்டு முழுவதும் என் சிவப்பு மைதான்.

புரட்டாசிக் கடைசியில் ஏறுகொடிகள் பாடம். வேலியிலிருந்து ஒரு கொடியை அறுத்துக்கொண்டு வந்தேன். சிவப்பும் மஞ்சளுமாகத் தீப்பிடித்ததுபோல் பூத்திருந்தது. அதன் இலை நுனியே கம்பிபோல் சுருண்டு பக்கத்துச் செடியைப் பற்றிக்கொண்டு ஏறும். பயிற்சிப் பள்ளியில் அதைப் படித்ததிலிருந்து பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும் என்று எனக்கு ஒரே ஆசை. கொடியை நீட்டினேன். செண்பகம் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

"அய்யோ டீச்சர், மேந்தோன்னி."

"அது மலையாளம், மக்கா. தமிழ்ல கண்வலிக்கிழங்கு. அப்படி எழுது."

"அப்போ இது மேந்தோன்னி இல்லியா டீச்சர்?"

இலை நுனியைக் காட்டும் அவசரத்தில் இருந்தேன். "இல்ல, கண்வலிக்கிழங்கு," என்றேன். அவள் எழுதிக்கொண்டாள். பூவைப் பார்த்தாலே கண்வலி வரும் என்று ஆட்கள் நம்புவதால் வந்த பெயர் அது. அதை நான் சொல்லவில்லை. கிழங்கு கொடிய நஞ்சு என்பதையும் சொல்லவில்லை. ஊரில் யாருக்குத் தெரியாது என்ற நினைப்பு. அந்தப் பிள்ளை பயந்து கையை இழுத்ததை என் கண்ணால் பார்த்த பிறகும் சொல்லவில்லை.

ஐப்பசி பிறந்து மழை பிடித்ததும் ஊரெல்லாம் கண்நோய். வகுப்பில் பாதிப் பிள்ளைகள் வரவில்லை. ஒரு திங்கட்கிழமை, பிள்ளைகள் கொண்டுவந்த செடிகளை முதல் பாடவேளை முடிந்து பார்க்கப் போனேன். செண்பகத்தின் இடத்தில் ஒரு கிழங்கு கிடந்தது. கலப்பைபோல் வளைந்த கிழங்கு. ஒரு முனை இல்லை. வெட்டிய இடம் வெள்ளையாக, ஈரமாக இருந்தது.

மிச்சம் எங்கே என்று கேட்டேன். அவளுக்கு முகமெல்லாம் சந்தோஷம்.

"அம்மைக்கு ரெண்டு கண்ணும் சிவந்து கெடக்கு டீச்சர். அதான் காலம்பற அரைச்சு மோர்ல கலக்கி உறியில வச்சிட்டு வந்தேன். நடவு ஆளுகளுக்குக் கஞ்சி ஊத்திட்டுக் குடிக்கேன்னு சொல்லிச்சு."

மேந்தோன்னியைத் தொடக்கூடாது என்று அம்மை சொன்னதில்லையா என்று கேட்டேன்.

"சொல்லியிருக்கு. இது மேந்தோன்னி இல்லைன்னு நீங்கதான சொன்னிய. பல்வலிப்பூண்டு பல்வலிக்கு. கண்வலிக்கிழங்கு கண்வலிக்கு."

அவள் கணக்கில் ஒரு தப்பும் இல்லை. நான் கொடுத்த இரண்டு வரியை ஒழுங்காகக் கூட்டியிருந்தாள். அடுத்த வகுப்பு டீச்சரிடம் என் பிள்ளைகளையும் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, கிழங்கை முந்தானையில் முடிந்துகொண்டு, செண்பகத்தின் கையைப் பிடித்து வரப்பில் ஓடினேன். எவ்வளவு அரைத்தாள், எப்போது கலக்கினாள் என்பது அவளுக்குத்தான் தெரியும் என்பதால் கூட்டிக்கொண்டு போனேன். என்ன நடந்திருக்கிறது என்று அவளுக்கு நான் சொல்லவில்லை.

அவள் அம்மை புறவாசலில் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தாள். என் வயதுதான் இருக்கும், அக்கா என்றுதான் கூப்பிடுவேன். மூச்சு வாங்க, மோர் எங்கே என்றேன். அந்த அம்மாள் சிரித்தாள். "குடிச்சாச்சே டீச்சர். என்ன கைப்பு. பாதிதான் எறங்கிச்சு. பிள்ளை ஆசையாட்டு கலக்கி வச்சது, கொட்ட மனசு வருமா?"

பார்க்க நன்றாகத்தான் இருந்தாள். தொண்டை மட்டும் கொஞ்சம் எரிகிறது என்றாள். நான் முற்றத்தைத் தாண்டி, நடையைத் தாண்டி, அடுக்களைக்குள் போய், மிச்சம் இருந்த கிண்ணத்தை எடுத்துத் துணியால் மூடிக்கட்டினேன். அந்த வீட்டின் அடுக்களைக்குள் என்னைப்போன்ற ஒருத்தி கால் வைத்தது அன்றுதான் முதல் தடவையாக இருக்கும். அதை யாராவது பார்த்தார்களா என்று திரும்பிப் பார்க்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. அதற்குப் பிறகு அதை நினைத்துப் பலமுறை ஆச்சரியப்பட்டிருக்கிறேன்.

வயலிலிருந்து அவள் புருஷனைக் கூப்பிட்டு வந்தார்கள். நல்ல மனுஷன், ஆனால் அன்று நடவு. முழங்கால் வரை சேற்றோடு நின்று என்னையும் பெண்டாட்டியையும் மாறி மாறிப் பார்த்தார். இவள் நன்றாகத்தானே நிற்கிறாள், ஒரு மடக்கு மோருக்கு வண்டி கட்ட வேண்டுமா என்றார். நஞ்சு உடனே காட்டாது, காட்டும்போது வண்டி கட்டிப் பயனில்லை என்றேன். அது எனக்குத் திட்டமாகத் தெரியும் என்று நினைக்காதீர்கள். ஆள் நன்றாக நிற்பதைக் கண்டு எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது, ஒன்றும் இல்லை என்று நம்பிவிட. இந்த மாதிரி நேரத்தில் நம் மனசு எதை நம்ப ஆசைப்படுகிறதோ, அதற்கு எதிராக நடங்கள். தப்பாகப் போனால் நாலு பேர் சிரிப்பார்கள், அவ்வளவுதான்.

அவருக்கு வேறொரு பயமும் இருந்தது. என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார்.

"கிழங்குன்னு ஆஸ்பத்திரியில சொன்னா ஊரு என்ன பேசும் டீச்சர்? எனக்க பெஞ்சாதி வாழப் பொறுக்காம கிழங்கு தின்னான்னு பேசும். வயித்துவலின்னு சொல்லுவோம். சம்மதம்னா வண்டி பூட்டுகேன்."

நம் பக்கத்தில் ஒரு பெண் கிழங்கு தின்றாள் என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான். அவர் பயத்தில் நியாயம் இருந்தது. வண்டி நகர்ந்தால் போதும் என்று தலையாட்டினேன்.

ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் கோட்டாற்றில் அன்று சந்தை நாள். தெரு முழுவதும் மாட்டுவண்டியும் சாக்கு மூட்டையும். வண்டி நின்று நின்று போயிற்று. அங்கேதான் அவள் முதல் தடவை வாந்தி எடுத்தாள். வாய் மரக்கிறது என்றாள். செண்பகம் அம்மையின் முதுகைத் தடவிக்கொண்டே வந்தது. கண்வலி போய்விடும் அம்மை, போய்விடும் என்று சொல்லிக்கொண்டே வந்தது.

ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர் கேட்டார். புருஷன் ஒத்துக்கொண்டபடி வயிற்றுவலி, பழையசோறு சேரவில்லை என்றார். அங்கே கண்நோய்க்காரர்கள் முப்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். பழையசோற்று வயிற்றுவலிக்கு எந்த ஆஸ்பத்திரியில் என்ன அவசரம்? பெஞ்சின் ஓரத்தைக் காட்டினார்.

இப்போது நான் உங்களுக்குச் சொல்ல வந்த இடம். அந்தப் பெஞ்சுக்குப் பக்கத்தில் நான் வாயை மூடிக்கொண்டு நின்றேன். எவ்வளவு நேரம் என்று கேட்காதீர்கள். கொஞ்ச நேரம்தான், ஆனால் நின்றேன். என் மனசு சும்மா இருக்கவில்லை, வரிசையாகக் காரணம் சொல்லிற்று. அவள் புருஷனுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறாய். உண்மையைச் சொன்னால் பள்ளிக்கூடத்தில் நஞ்சு கொடுக்கச் சொல்லித் தந்தார்கள் என்று ஆகும். நாளைக்கே ஊரில் ஒரு பெண்பிள்ளையும் பள்ளிக்கூடத்துக்கு வராது. உனக்காக இல்லை, முப்பத்தியொரு பிள்ளைகளின் படிப்புக்காகப் பேசாமல் இரு. கேட்கும்போது எவ்வளவு நன்றாக இருக்கிறது பாருங்கள். நான் கோழை, அவ்வளவுதான் விஷயம். ஆனால் என் கோழைத்தனம் வெறுங்கையோடு வரவில்லை, முப்பத்தியொரு பிள்ளைகளைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு வந்தது.

அவள் இரண்டாவது தடவை வாந்தி எடுத்தாள். நான் டாக்டரம்மா இருந்த அறைக்குள் நேராகப் போனேன். முந்தானையை அவிழ்த்துக் கிழங்கை மேஜை மேல் வைத்தேன். கிண்ணத்தையும் வைத்தேன்.

"வயித்துவலி இல்லை. இந்தக் கிழங்கு. மோரில் அரைத்தது, இவ்வளவு போகக் குடித்திருக்கிறார். ரெண்டு மணி நேரம் இருக்கும். சாகறதுக்குக் குடிக்கல்ல. பள்ளிக்கூடத்துல நான் தப்பாச் சொல்லிக் குடுத்தேன். அதைக் கேட்டு அவிய மவ மருந்துன்னு அரைச்சுக் குடுத்திருக்கா."

டாக்டரம்மா கிழங்கைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். அதற்குப் பிறகு எல்லாம் வேகம். குழாய் போட்டு வயிற்றைக் கழுவினார்கள். கிழங்கைக் கொண்டுவந்தது நல்லதாயிற்று, பெயரை மட்டும் சொல்லியிருந்தால் எந்தச் செடி என்று தேடவே நேரம் போயிருக்கும் என்று பிறகு சொன்னார். எனக்கு யாரும் சொல்லித் தராமல் சரியாகச் செய்தது அது ஒன்றுதான்.

ஆனால் திரும்பியபோது அறை வாசலில் செண்பகம் நின்றுகொண்டிருந்தாள். நான் சொன்னது முழுவதையும் கேட்டிருந்தாள். சொல்ல வேண்டியதைச் சொல்லும் அவசரத்தில், யார் காதில் விழுகிறது என்று நான் பார்க்கவில்லை. தன் அம்மைக்குத் தான் நஞ்சு கொடுத்ததை அந்தப் பிள்ளை அப்படித்தான் தெரிந்துகொண்டது. அழவில்லை. அம்மையைப் படுக்க வைத்திருந்த பக்கம் அதற்குப் பிறகு ஒரு அடி எடுத்து வைக்கவில்லை. அன்றைக்கு நடந்த எல்லாவற்றிலும் எனக்கு இன்றைக்கும் வலிப்பது அதுதான்.

மூன்று நாள் அந்த அம்மாள் பிழைப்பாளா என்று தெரியவில்லை. ஐந்தாம் நாள் கஞ்சி குடித்தாள். நான் போய் நின்றபோது புருஷன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். வாக்குத் தவறியவளிடம் என்ன பேச்சு என்பதுபோல். வீட்டுக்கு வந்த இரண்டாம் வாரம், அவள் தலைமுடி கொத்துக் கொத்தாகக் கையோடு வந்தது. ஒரு வாரத்தில் தலை வழுக்கையாயிற்று. அந்தக் கிழங்கு செய்கிற வேலை அது என்று டாக்டரம்மா முன்கூட்டியே சொல்லியிருந்தார். சொன்னதால் என்ன, புருஷன் உயிரோடிருக்கும் பெண்ணுக்கு மொட்டைத்தலை என்றால் ஊர் எப்படிப் பார்க்கும் என்று உங்களுக்குத் தெரியாதா. அவள் வாசலுக்கு வருவதை நிறுத்தினாள்.

மானேஜர் ஐயாவிடம் நடந்ததையெல்லாம் சொன்னேன். வேலையைவிட்டு அனுப்பவில்லை. செடிப்பாடத்தை நிறுத்து, படத்தை மாட்டு என்றார். எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. பனிநாட்டு மஞ்சள் பூ மறுபடியும் சுவரில் ஏறியது. நாலைந்து பிள்ளைகள் நின்றுவிட்டார்கள். செண்பகம் வரவே இல்லை. வீட்டில் யாரிடமும் பேசுவதில்லை, அம்மை கூப்பிட்டால் எழுந்து வேறு பக்கம் போய்விடுகிறது, சமையலில் ஒரு கறிவேப்பிலையைக்கூடத் தொடுவதில்லை என்று பிள்ளைகள் வந்து சொன்னார்கள். போய்ப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

கார்த்திகை முடியும் நேரம். பாடம் நடந்துகொண்டிருந்தது. வாசலில் செண்பகத்தின் அம்மை. தலையை முந்தானையால் இறுக்கி மூடியிருந்தாள். ஒரு கையில் செண்பகத்தை ஏறக்குறைய இழுத்துப் பிடித்திருந்தாள். இன்னொரு கையில் வாழையிலைப் பொதி. உள்ளே வரலாமா என்று என்னிடம் கேட்டாள். தலையாட்டினேன்.

பொதியைப் பிரித்து மேஜை மேல் வைத்தாள். மேந்தோன்னிக் கொடி, அந்த வருஷத்தின் கடைசிப் பூவோடு. பிள்ளைகள் பெஞ்சில் பின்னால் நகர்ந்தார்கள்.

"நீங்க பாடத்த நிறுத்திட்டியளாம். நிறுத்தினா எனக்க மவ கொலகாரின்னுதான் அர்த்தம் ஆவும். இதையும் சேத்துச் சொல்லிக் குடுங்க டீச்சர். நான் வந்து நிக்கேன்."

நான் சாக்பீஸை எடுத்தேன். முதலில் நான் செய்த தப்பைச் சொன்னேன். பிள்ளைகள் முன்னால் ஆசிரியர் தப்பை ஒத்துக்கொண்டால் மதிப்புப் போய்விடும் என்று உங்களிடம் யாராவது சொல்வார்கள். கேட்காதீர்கள். மேந்தோன்னி என்ற பெயரோடு செண்பகத்தின் அம்மை பத்திரமாக ஒரு பயத்தைக் கட்டிக் கொடுத்திருந்தார், நான் பெயரைத் திருத்துகிறேன் என்று பயத்தையும் சேர்த்து அழித்துவிட்டேன் என்றேன். ஒரு செடிக்கு வீட்டில் என்ன பெயர் இருந்தாலும் அதை இனி நான் அடிக்கமாட்டேன், அதன் பக்கத்தில் வேண்டுமானால் இன்னொன்று எழுதுவேன் என்றேன். பெயரைக் கேட்டால் செடி யார் என்று தெரியும், என்ன செய்யும் என்று செய்து பார்த்தவர்களைத்தான் கேட்க வேண்டும் என்றேன்.

அப்போது அந்த அம்மாள் முந்தானையை எடுத்தாள். "பாருங்க மக்கா. பாதிக் கிண்ணம்தான். இதுதான் செய்யும்," என்றாள். திரும்ப மூடிக்கொள்ளவில்லை. பிள்ளைகள் எல்லோரும் பார்க்கும்வரை அப்படியே நின்றாள். தன் வீட்டு வாசலுக்கு வரக் கூசிய பெண், மகளுக்காக ஊர்ப்பிள்ளைகள் முன்னால் வந்து நின்றாள். என் பயிற்சிப் பள்ளியில், பொருளையே கண்முன் வைத்து நடத்தும் பொருட்பாடம் என்று ஒரு வருஷம் படித்திருக்கிறேன். அன்றுதான் ஒன்றைப் பார்த்தேன்.

பிறகு செண்பகத்தின் முன்னால் குனிந்தாள். "தொட்டுப் பாரு. முளைக்கு."

செண்பகம் ஒரு விரலை நீட்டித் தொட்டாள். பிறகு உள்ளங்கையை வைத்துத் தடவினாள். "குத்துகு அம்மை," என்றாள். ஒன்றரை மாதத்தில் அவள் பேசிய முதல் வார்த்தை அது என்று அவள் அம்மை பிறகு என்னிடம் சொன்னாள். அந்த வார்த்தையைச் சொன்னதும் செண்பகம் அழ ஆரம்பித்தாள், அம்மையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு. நானும் அழுதேன். பிள்ளைகள் எதிரில்தான்.

மானேஜர் ஐயாவிடம் அன்று மாலையே போய், செடிப்பாடம் மறுபடியும் நடக்கும், நஞ்சுகளில் இருந்து தொடங்கும் என்றேன். அனுமதி கேட்டமாதிரி இல்லையே என்றார். கேட்கவில்லை என்றேன். முனகிக்கொண்டே விட்டுவிட்டார். நின்ற பிள்ளைகளில் இரண்டு பேர் தவிர மற்றவர்கள் தைக்குள் வந்துவிட்டார்கள். தாய்மார்களும் சில நாள் வந்து பின்னால் நின்று, எது ஆகும் எது ஆகாது என்று என்னைத் திருத்தினார்கள். என் நோட்டில் சிவப்பு மை அவர்களுடையது.

செண்பகத்துக்கு ஒரு வேலை கொடுத்தேன். விதை முளைப்பதை நாள்போட்டு அளந்து எழுதும் பாடம் இருக்கிறதல்லவா. எல்லாப் பிள்ளைகளும் பயறு ஊன்றி அளந்தார்கள். அவளிடம் பள்ளிக்கூடத்து அடிக்கோலைக் கொடுத்து, நீ அம்மையின் முடியை அள என்றேன். ஒரு சின்ன யோசனைதான், வருமோ வராதோ என்றுதான் சொன்னேன். அடிக்கோலை அவள் ஒரு வருஷம் திருப்பித் தரவில்லை.

அடுத்த ஐப்பசியில் அவள் ஐந்தாம் வகுப்பு. நோட்டைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தாள். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு வரி, கோணாத எழுத்தில்.

மார்கழி, கால் அங்குலம். குத்துகிறது.

மாசி, ஒரு அங்குலம். படியவில்லை.

வைகாசி, இரண்டரை அங்குலம். முன்பு இல்லாத சுருட்டை.

ஆவணி, நாலு அங்குலம். சீப்பு நிற்கிறது.

ஐப்பசி, ஐந்து அங்குலம். இன்று அம்மைக்கு நான் பிச்சிப்பூ வைத்தேன். விழவில்லை.